ஒன்றரை மடங்கு

26 நவம்பர் 2024, செவ்வாய்

நாற்பதாம் நம்பர் நூலுக்காக இன்றைக்கும் சண்டை. ஸ்பின்னிங் மேஸ்திரி முத்துராமலிங்கம் லேபுக்கே வந்து மேசையைத் தட்டினார். சராசரி நாற்பது வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு லாட்டை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சராசரி வந்துவிட்டால் ஆயிற்றா? ஒரு கண்டு முப்பத்தொன்பது, அடுத்தது நாற்பத்தொன்று என்று ஆடினாலும் சராசரி அழகாக நாற்பதுதான் வரும். தறியில் ஏறிய பிறகல்லவா துணி முழுக்க வரி வரியாகத் தெரியும். அந்த ஆட்டத்தை அளப்பதுதான் சி.வி. இந்த மில்லின் லேபில் உட்கார்ந்த நாளில் இருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். சி.வி. பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டு ஒரு மூட்டை வாசல் தாண்டியதில்லை. முறைத்துக்கொண்டே போனார். போகட்டும், எனக்கென்ன.

காலையில் எழுந்ததில் இருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. பஞ்சுத் தூசி புகுந்திருக்கும்.

28 நவம்பர், வியாழன்

அடைப்பு விடவில்லை. மில்லில் மிஷின் ஓடுகிற இரைச்சல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ராஜபாளையம் முழுக்க மின்சாரம் நின்றுபோன நேரத்திலும் இடது காதுக்குள் மட்டும் மிஷின் ஓடியது.

என் வீட்டுக்காரர் தவசிமுத்து பார்சல் ஆபீசில் இருந்து வந்ததும் வராததுமாக டாக்டரிடம் போவோம் என்றார். சளி பிடித்திருக்கிறது, மழைக்காலம், எல்லோருக்கும்தான் அடைக்கிறது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

30 நவம்பர், சனி

இதை எழுதவே கை வரவில்லை.

போனில் கீபோர்டின் ஒலியை வைத்து டோ, அதாவது ஸ, பிடித்துப் பார்த்தேன். வலது காதில் வைத்தால் சரியான டோ. இடது காதில் வைத்தால் அதே ஒலி ஒரு பிடி மேலே கேட்கிறது. ஒரே போன், ஒரே ஒலி. இரண்டு காதுக்கும் இரண்டு சுதி. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்படியேதான்.

22ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபைக் கோயிலில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு பாடகர் குழு வாசலில் இருந்து உள்ளே நடந்து வரும். முதல் சரணத்துக்கு எந்த வாத்தியமும் கிடையாது. நான் மட்டும் தனியாகப் பாடுவேன். இரண்டாவது சரணத்தில் எல்லோரும் என் சுதியைப் பிடித்துக்கொள்வார்கள், கீபோர்டும் சேரும். நான் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கீபோர்டு வந்து விழுகிற அந்த இடத்தில் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததில் இருந்து அந்தச் சரணம் என்னுடையது. வேறு எதுவும் எனக்கென்று இப்படி இல்லை.

இவரிடம் சொல்லவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பயிற்சி. முதல் சரணம் பாடினேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கீபோர்டு சேர்ந்தபோது என்னவோ ஒரு உரசல். வாசிக்கிற ஜெபின் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தான். குழுத் தலைவர் ராஜரத்தினம் அண்ணன் பாட்டுப் புத்தகத்திலேயே கண்ணாக இருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததால் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? அண்ணனுக்குக் காது கூர்மை. தப்பு என்றால் சொல்லாமல் விடுவாரா?

2 டிசம்பர், திங்கள்

காதை நம்பினால்தானே இந்தப் பயம். எண்ணை நம்புவோம் என்று முடிவெடுத்தேன். பாடினால் அதிர்வெண் எவ்வளவு என்று காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன். டோ பாடிக் குறித்துக்கொள்வது, சோ பாடிக் குறித்துக்கொள்வது, இரண்டையும் வகுப்பது. சோ, அதாவது ப, என்பது டோவைப் போல ஒன்றரை மடங்கு. டோ 220 என்றால் சோ 330. உலகத்தில் யார் எங்கே பாடினாலும் அந்த ஒன்றரை மாறாது.

முதல் நான்கு: 1.47, 1.53, 1.48, 1.52.

இதற்குச் சராசரி எடுப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. விகிதங்களைச் சும்மா கூட்டி வகுக்கக் கூடாது. ஒரு ஸ்தாயி ஏறினால் இரண்டு, இறங்கினால் அரை. ஏறி இறங்கினவள் கிளம்பின இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள். ஆனால் இரண்டையும் அரையையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றேகால் வருகிறது, போகாத ஊருக்குப் போன மாதிரி. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சரியாக ஒன்று. அதனால் நான்கையும் பெருக்கி நான்காம் மூலம் எடுத்தேன். 1.4998.

1.4998! ஒன்றரைக்கு ஒரு மயிரிழை. சுதி பிசகினவளுக்கு இப்படி வருமா? ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், குரல் என்ன இயந்திரமா. சராசரி சரியாக இருக்கிறது. அது போதும்.

நல்ல பசி எடுத்தது. இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

3 டிசம்பர், செவ்வாய்

இன்றைக்கும் ஒன்றரை. எனக்கு ஒன்றும் இல்லை.

5 டிசம்பர், வியாழன்

இன்றைக்கு மி, அதாவது க. டோவுக்கு மி ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். பெருக்கி மூலம் எடுத்ததில் 1.2496. கீபோர்டில் அதே மி 1.26 இருக்கும். எல்லாச் சுதியிலும் வாசிக்க வசதியாகக் கட்டைகளின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தித்தான் செய்திருக்கிறார்கள். அதாவது நான் கீபோர்டை விடச் சுத்தம்.

இவரிடம் போனைக் காட்டினேன். முழு விஷயத்தையும் சொல்லவில்லை, காதை இப்படிச் சோதித்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றேன். இவர் போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கணக்கு எனக்கு என்ன தெரியும். டிவி சத்தத்த எதுக்கு இம்புட்டுக் கூட்டி வச்சிருக்க, அதச் சொல்லு."

அடுப்படிக்குப் போய்விட்டேன். இரைச்சல் கூடியிருக்கிறது. படியில் இறங்கும்போது செத்த நேரம் தலை சுற்றியது. வேலை அதிகம், அதனால்தான்.

8 டிசம்பர், ஞாயிறு

அவமானம்.

முதல் சரணம் முடிந்து கீபோர்டு வந்து சேர்ந்தது. ஜெபினின் கை நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பாதிப் பேர் என் சுதியில், மீதிப் பேர் கீபோர்டில். சந்தைக்கடை. ராஜரத்தினம் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். முதல் சரணத்தில் இருந்தே கீபோர்டை மெதுவாகப் பிடித்துக்கொள்ளட்டுமா, உனக்கும் சுலபமாக இருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அம்புட்டுக் கோபம் வந்ததோ. கீபோர்டுதான் தப்பு, அதன் மி 1.26, மனிதர் பாடுகிற மி 1.25, நான் அளந்தே பார்த்துவிட்டேன், பாட்டுக்காரி சுத்தமாகப் பாடினால் வாத்தியம் உரசத்தான் செய்யும் என்று கோயிலுக்குள் நின்று கத்தினேன். சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு நூல் வித்தியாசத்துக்கா கை நிற்கும்? இத்தனை வருடம் அதே கீபோர்டோடுதானே பாடினேன்?

அங்கன்வாடியில் வேலை பார்க்கிற சுகந்தி, சுந்தரபாண்டியத்துக்காரி, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை. நல்ல குரல், கவனம் பத்தாது அவளுக்கு. அவள் என்னைப் பாவமாகப் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

9 டிசம்பர், திங்கள்

லேபில் என்னோடு வேலை பார்க்கிற நூர்னிசாவிடம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டிவிட்டேன். காது அடைத்தது, இரண்டு சுதி கேட்பது, ஆப், பெருக்கி மூலம் எடுத்தது, எல்லாம். அவளும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவளிடம் என்ன மறைக்க. கடைசியில் சராசரியைச் சொன்னேன், தினமும் ஒன்றரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, பிறகு எப்படி நான் சுதி பிசகினவள் ஆவேன் என்று.

நூர்னிசா பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, யோசிக்காமல், எந்த லாட்டைப் பற்றிப் பேசினாலும் கேட்பதைப் போலக் கேட்டாள்:

"சி.வி. எம்புட்டு?"

பாட்டு என்ன நூலா என்று சீறினேன். அவள் பிசைவதை நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஏட்டி சித்ரா, நீ பாக்கலையா?"

டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

10 டிசம்பர், செவ்வாய்

பார்த்தேன்.

முதல் நாள் எடுத்த நான்குக்கே சி.வி. இரண்டு சதவீதம். பிறகு எடுத்தவற்றைச் சேர்த்தால் இன்னும் மேலே. இரண்டு வந்த நூலை நான் இதுவரை வாசல் தாண்ட விட்டது கிடையாது. இப்படி ஆடுகிற நூலுக்காக முத்துராமலிங்கத்தைத் துரத்தினவள் நான்தான்.

ஒரு தடவைகூட ஒன்றரை பாடவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே. இடது காது மேலே என்கிறது, பயந்து இறங்குகிறேன், இறங்கினது தெரிந்து தாவி ஏறுகிறேன். நடுவில் இருக்கிற அந்த ஒன்றரையை நான் பாடவே இல்லை. அதைப் பாடினது கணக்கு.

எனக்குத் தெரியாதா இது? பெருக்கணுமா கூட்டணுமான்னு அம்புட்டு நுணுக்கமாப் பார்த்தவளுக்கு, அடுத்த கட்டம் சி.வி.ன்னு தெரியாமப் போச்சா? தெரியும். தினமும் கை அதுவாப் போடுற கணக்கு. போடல. போட்டா டாக்டர்கிட்டப் போகணும், போனா அவர் என்னமாவது சொல்லிடுவாரு, அதான் போடல. புத்தி பேதலிச்சவ மாதிரி சராசரியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கேன்.

மில்லில் கொடுக்கிற காது அடைப்பானை இடது காதில் வைத்துக்கொண்டு மறுபடி பாடினேன். 1.50, 1.50, 1.49, 1.50. எடுத்துவிட்டுப் பாடினால் மறுபடி ஆட்டம். ஆக, குரலில் ஒன்றும் இல்லை. காதுதான்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். இவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

11 டிசம்பர், புதன்

தென்காசி ரோட்டில் இருக்கிற காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றினார்கள். அழுத்த ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சோதனை செய்கிற பெண் சத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே வந்ததும், இடது காதுக்குச் சராசரி ஐம்பது டெசிபல் குறைவு என்றாள். சராசரி வேண்டாம், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். விநோதமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கீழ் ஒலிகள் ரொம்ப மோசம். மேல் ஒலிகள் பரவாயில்லை. நான் பாடுகிற இடம் அந்த மோசத்தில்தான் இருக்கிறது.

பஞ்சும் இல்லை, சளியும் இல்லை. உள்காது நரம்பு. திடீரென்று இப்படி ஆவது உண்டாம், காரணம் பல நேரம் தெரியாதாம். டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"மொத வாரத்துலயே வந்திருந்தா நல்ல சான்ஸ் இருந்திருக்கும்மா. இப்பவும் மருந்து குடுப்போம். முழுசாத் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

மாத்திரை, காதுக்குள் ஊசி. மிஷின் பக்கமே போகக் கூடாது.

வரும் வழியில் இவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவை திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அரசமரத்துக் கடையில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தார். அழுகை வந்துவிட்டது.

13 டிசம்பர், வெள்ளி

மாத்திரை தூங்க விடவில்லை. மழை பெய்வதை ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

15 டிசம்பர், ஞாயிறு

ஒரு திருட்டு யோசனையோடுதான் பயிற்சிக்குப் போனேன். இடது காதில் அடைப்பானை வைத்து முடியை மேலே இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சுதி நிற்கும். 22ஐத் தாண்டிவிடலாம்.

சுதி நின்றது. கீபோர்டு வந்து அப்படியே பொருந்தியது. ஜெபின் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆனால் இரண்டாவது சரணத்தில் என் இடப் பக்கம் நிற்கிற பெண்கள் இழுத்துப் பாடினது எனக்குக் கேட்கவே இல்லை. நான் வரியை முடித்துவிட்டு நிற்கிறேன், அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். வாய் அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. குழுவைக் கேட்க முடியாதவள் குழுவுக்கு முன்னால் நடந்து என்ன செய்ய?

எல்லோரும் போன பிறகு ராஜரத்தினம் அண்ணனிடம் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணாந்தேதியே எனக்குக் கேட்டுச்சும்மா. ஒன்கிட்ட எப்படிச் சொல்லன்னுதான்... இத்தன வருசமா நீதான எங்களுக்குச் சுதி."

மரியாதையாம். ஒண்ணாந்தேதியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இரண்டாந்தேதி டாக்டர்கிட்டப் போயிருப்பேன். போயிருப்பேனா? அன்றைக்குத்தானே ரெண்டு தோசை கூடத் தின்னுட்டு சராசரியக் கொண்டாடினேன். அவர் சொல்லியிருந்தாலும் கீபோர்டு தப்பு என்று கத்தியிருப்பேன். கத்தின பிறகாவது பயந்திருப்பேன். தெரியவில்லை. அவர் மேல் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். என் மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது.

முதல் சரணத்தைச் சுகந்திக்குக் கொடுங்கள் என்று நானே சொன்னேன். வாசலில் நின்றவளைக் கூப்பிட்டார். அக்கா இருக்கும்போது நான் பாட மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஏட்டி, பேசாம வந்து டோவப் பிடி என்று அதட்டினேன். பிடித்தாள்.

பஸ்ஸில் வரும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து, பாத்திரம் துலக்குகிற சாக்கில் அழுதேன்.

18 டிசம்பர், புதன்

மறுபடி கண்ணாடி அறை. இந்தத் தடவை நான் கேட்காமலே அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேல் ஒலிகள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. கீழ் ஒலிகள் அப்படியே கிடக்கின்றன. இனி பெரிதாக மாறாது என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார்.

நூர்னிசா பார்க்க வந்திருந்தாள். பேச்சுவாக்கில் என் இடது பக்கமே உட்கார்ந்து அவள் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி கேட்கவில்லை. கேட்டமாதிரி தலையை ஆட்டினேன். பொறவு நிறுத்திவிட்டு, கேக்கல, இந்தப் பக்கம் வா என்று சொன்னேன். அதைச் சொல்ல இம்புட்டு வெட்கம் எதற்கு என்று தெரியவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

போகவே வேண்டாம் என்றுதான் மத்தியானம் வரை இருந்தேன். இவர்தான் சேலையை எடுத்து வைத்தார்.

கடைசிக்கு முந்தின பெஞ்சில், வலது காது நடைபாதையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தோம். நான் அந்தக் கோயிலில் கீத ஆராதனையை உட்கார்ந்து கேட்டதே இல்லை. விளக்கு அணைந்தது. வாசலில் மெழுகுவர்த்தி வெளிச்சம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. சுகந்தி ஆரம்பித்தாள்.

நல்ல குரல். என் குரலை விட இளசு. என் வாய் தன்னால் அசைந்தது, சத்தம் வரவில்லை. பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் கேட்டேன்.

மூன்றாவது வரியில் அவள் இறங்க ஆரம்பித்தாள். மூச்சு பத்தவில்லை, சோவுக்கு ஏறுகிற இடத்தில் ஒரு இழை குறைந்தது. அடுத்த வரியில் இன்னும் ஒரு இழை. நான் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டேன். கீபோர்டு வந்து சேர்ந்த இடத்தில் ஒரு கண் இமைக்கிற நேரம் உரசியது. உடனே நிமிர்ந்து பிடித்துக்கொண்டாள், மொத்தக் குழுவும் அவளோடு ஏறியது. முன்னால் இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. ராஜரத்தினம் அண்ணன் மட்டும் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிந்ததும் வெளியே கேக்கும் காபியும். எல்லோரும் சுகந்தியைச் சுற்றிக்கொண்டு, அருமை, அருமை என்றார்கள். அண்ணனும் நன்றாக இருந்தது என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். சரியாக வந்ததா அக்கா என்று கேட்டாள். அக்கம் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"மூணாவது வரியில இறங்கிட்ட. சோவுக்கு ஏறும்போது மூச்சு பத்தல. கீபோர்டு சேந்தப்ப உரசுச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பாடுறதுக்குள்ள சரி பண்ணிரணும்."

இவர் பின்னால் நின்று என் முந்தானையை இழுத்தார், இன்றைக்காவது விடேன் என்பது போல. சுகந்தியின் முகம் விழுந்துவிட்டது. பிறகு மெல்ல என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அது வருத்தம் மாதிரி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... ஒனக்கு அது கேட்டுச்சா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது காது ஒன்றே அந்த இழையைப் பிடித்திருக்கிறது.

"கேட்டுச்சுட்டி," என்றேன்.